பெட்டி வராத வாட்ச்

வெள்ளைத்துறையில் முதல் பெட்டி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பால்காரர் சைக்கிள் மணி அடித்துவிட்டுப் போனதற்கும் கோயிலில் இரண்டாம் மணி அடித்ததற்கும் நடுவில், ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் தொம்மையின் வாசல்படியில், யாரும் கொண்டுவந்து வைக்காமல் தானாக வந்து உட்கார்ந்திருந்தது. பச்சைத் தோல் ஒட்டிய சின்னப் பெட்டி. ஓரமெல்லாம் உப்புப் பூத்து, மூடியில் ஒரு சிப்பி ஒட்டி, அடியில் கடல் தண்ணீர் இன்னும் கசிந்துகொண்டிருந்தது. வாத்தியார் அதைக் குண்டு என்று நினைத்தார். அவர் மனைவி செய்வினை என்று நினைத்தார். எதிர்வீட்டுக்காரர் இரண்டும் இல்லை, துபாயிலிருக்கும் மகன் ஊருக்குத் தெரியாமல் அனுப்பிய தங்கம் என்று நினைத்து, அக்கறையோடு போலீஸுக்குப் போன் போட்டார். வந்த ஏட்டையா எட்டின மட்டும் தள்ளி நின்று குடைக்கம்பியால் மூடியை நிமிர்த்தினார். உள்ளே வெள்ளைப் பட்டுத்துணி, துணியில் ஒரு வாட்ச் படுத்திருந்த குழி, குழிக்கு அடியில் நாலாக மடித்த சீட்டு. சீட்டில் இருந்த நம்பரும் வாத்தியார் கையில் கட்டியிருந்த பழைய வாட்சின் முதுகில் இருந்த நம்பரும் ஒன்றாக இருந்தன.

அந்த வாட்சை வாத்தியாருக்கு விற்றவர் கஸ்பார். கப்பல்காரத் தெருவில், இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் வெயிலில் நிற்க வேண்டிய கடை அவருடையது. வெள்ளைத்துறை ஆண்கள் மூன்று தலைமுறையாகக் கப்பலில் போனவர்கள். போனவர்கள் வேறு எதைக் கொண்டு வந்தார்களோ இல்லையோ, ஆளுக்கொரு வெளிநாட்டு வாட்ச் கொண்டு வந்தார்கள். அவர்கள் செத்துப்போன பிறகு அந்த வாட்சுகள் பீரோக்களுக்குள் சாவி கொடுக்க ஆளில்லாமல் கிடந்தன. அவற்றை வீடு வீடாகப் போய் வாங்கி, துடைத்து, எண்ணெய் விட்டு, பழைய வாட்ச் என்றால் பைத்தியமாக அலைகிற பணக்காரர்களுக்கு விற்பதுதான் அவர் தொழில். ஆனால் அந்தப் பைத்தியங்கள் லேசுப்பட்டவர்கள் அல்ல. வாட்சைத் திருப்பிப் பார்ப்பதற்கு முன்னாலேயே பெட்டி இருக்கிறதா, பேப்பர் இருக்கிறதா என்று கேட்பார்கள். புதிதாக வாங்கினபோது வந்த பெட்டியும், கடைக்காரர் முத்திரை குத்தி வாங்கினவர் பெயர் எழுதிக் கொடுத்த சீட்டும் கூடவே இருந்தால் அதே வாட்ச் இரண்டு மடங்கு விலைக்குப் போகும். இல்லாவிட்டால் திருட்டு மாலோ, உள்ளே வேறு மிஷினோ என்று மூக்கைச் சுளிப்பார்கள். வெள்ளைத்துறைக் கப்பல்காரர்களோ சுங்கத்துக்குப் பயந்து, கரை கண்ணில் பட்டதும் பெட்டியையும் பேப்பரையும் கடலில் எறிந்துவிட்டு, வாட்சை ரொம்ப நாளாகக் கட்டியிருக்கிற பழையதுபோல் கையில் கட்டிக்கொண்டு இறங்கினவர்கள். அதனால் அந்த ஊர் வாட்சுகள் அத்தனையும் பெட்டி இல்லாத வாட்சுகளாகவே இருந்தன.

ஆகவே கஸ்பார் காதால் வாங்கினார். யார் வாட்ச் கொண்டுவந்தாலும் அதைக் காதோரம் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, "எப்படி வந்துதுன்னு சொல்லுங்க" என்பார். வந்தவர் சொல்லச் சொல்ல, ஓடுகிற சத்தத்தை ஒரு காதாலும் சொல்கிறவரின் மூச்சை இன்னொரு காதாலும் கேட்பார். பொய் வருகிற இடத்தில் மூச்சு ஒரு அடி தவறும். ஓடுகிற வாட்சைப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் அந்த ஒரு அடி அகப்பட்டுவிடும் என்பது அவர் கணக்கு. அது அநேகமாகச் சரியாகவே இருந்தது.

காதால் வாங்கினாரே தவிர, விற்றது வாயால்தான். கடையின் பின்சுவரில் ஒரு அலமாரி நிறைய வாட்ச் இல்லாத வெறும் பெட்டிகள் வைத்திருந்தார். பழைய பேப்பர்காரர்களிடம் சொல்லி வைத்துப் பொறுக்கினவை. ஒரு வாட்சுக்கு ஏறக்குறைய அந்த வயசில், அந்த நிறத்தில் ஒரு பெட்டியைத் தேடி, சீட்டில் நம்பரைக் கொஞ்சம் தேய்த்துச் சரிசெய்து, இரண்டையும் சேர்த்து வெளியூருக்கு அனுப்பிவிடுவார். இதற்கு அவர் வைத்திருந்த பெயர் சம்பந்தம் பேசுவது. கல்யாணத் தரகர்கள் செய்யாததையா நாம் செய்துவிட்டோம் என்று அவர் மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டார். ஆனால் பொய்ச் சீட்டு எழுதத் தெரிந்தவனால் உலகத்தில் ஒரு சீட்டையும் நம்ப முடியாது. கஸ்பாருக்கு ஐம்பத்துமூன்று வயசுக்குள் அந்த நோய் எலும்பு வரைக்கும் இறங்கியிருந்தது.

அடுத்த செவ்வாய் பதினொரு பெட்டிகள் வந்தன. அதற்கடுத்த செவ்வாய் இருபத்தேழு. எல்லாம் ஈரமாக, எல்லாம் மணலாக, சிலவற்றில் பாசி, ஒன்றில் உயிரோடு ஒரு நண்டு. எப்படி வந்தன என்று யாரும் பார்க்கவில்லை. பார்ப்பதற்கென்றே முழித்திருந்தவர்கள் எல்லாரும், சொல்லிவைத்தாற்போல், வெற்றிலை துப்பத் திரும்பிய நேரத்தில்தான் வந்தது என்றார்கள். செவ்வாய் அந்தோணியாருக்கு உகந்த நாள், காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர் அவர், ஆகையால் இது அவருடைய வேலைதான் என்று பெண்கள் முடிவு செய்து மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். பங்குச் சாமியார் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவருடைய வாட்சும் கப்பல்காரர் ஒருவர் கொடுத்ததுதான். சுங்க அலுவலகத்திலிருந்து இரண்டு அதிகாரிகள் ஜீப்பில் வந்து, கடல் வழியாக ஊருக்குள் நுழைந்த சரக்குக்குத் தீர்வை உண்டா என்று விசாரித்து, பெட்டிக்குள் பொருள் இல்லாத காரணத்தால் என்ன எழுதுவது என்று தெரியாமல், இளநீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

இரண்டு மாதத்துக்குள் அதற்கு ஒரு முறையும் ஏற்பட்டுவிட்டது. பெட்டியை எடுத்த எடுப்பில் வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. வீட்டுக்காரர் வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, "யாருக்கு வந்த?" என்று மூன்று தடவை கேட்க வேண்டும். மூடியை விரல் முட்டியால் தட்ட வேண்டும். வாட்ச் சத்தம் கூட்டி ஓடினால் பெட்டி அந்த வீட்டுக்கு. கம்மென்று இருந்தால் கோயில் படியில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டியது, சொந்தக்கார வாட்ச் வரும்வரை அது அங்கே காத்திருக்கும். செவ்வாய்க்கிழமை காலையில் பெண்கள் கோலமாவைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் படியைப் பார்த்தார்கள். ஸ்கூலில் முதல் பீரியடு தள்ளிப்போயிற்று. ஆச்சரியம் என்ற ஒன்று அந்த ஊரில் மூன்றாம் வாரத்தோடு தீர்ந்துவிட்டது.

ஆனால் சந்தேகம் அப்போதுதான் தொடங்கியது. பெட்டி வந்தால் சீட்டு வருகிறது, சீட்டு வந்தால் பெயர் வருகிறது. பாடகர் குழுத் தலைவர் தன் தகப்பனார் வாங்கியது என்று பெருமையாகக் கட்டிக்கொண்டு திரிந்த வாட்சுக்கு வந்த சீட்டில் நாகர்கோவில் ஆள் ஒருவர் பெயர் இருந்தது. அந்த ஆள் எந்த பஸ்ஸில் எந்த வருஷம் வாட்சைத் தொலைத்தார் என்பது வரைக்கும் ஊர் துருவிவிட்டது. பாடகர் குழுத் தலைவருக்கு அதன் பிறகு மேல்சுருதி எட்டவில்லை. கோயில் உபதேசியார் வீட்டுக்கு ஒரே வாட்சுக்கு இரண்டு பெட்டிகள் வந்து படியில் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருந்தன. மூன்று தடவை கேட்டுத் தட்டியபோது இரண்டுக்குமே வாட்ச் சத்தம் கூட்டி ஓடியது. வாட்சைப் பிரித்துப் பார்த்தால் முகம் ஒரு வாட்சினுடையது, உள் மிஷின் இன்னொன்றினுடையது. சேர்த்து விற்றவர் கஸ்பார். உபதேசியார் அவரை ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கைகூப்பிச் சமாதானம் சொல்லும்போது மட்டும் அவர் பக்கம் திரும்பவில்லை. ஒரு செவ்வாய் காலை கஸ்பார் கடையைத் திறந்தபோது பின்சுவர் அலமாரியும் காலியாகக் கிடந்தது. நூற்றுப் பதினெட்டுப் பெட்டிகளும் தங்கள் தங்கள் வாட்சைத் தேடிக்கொண்டு எந்தெந்த ஊருக்கோ போய்விட்டிருந்தன.

இவ்வளவும் நடந்தும், கஸ்பார் வீட்டு வாசலுக்கு ஒரு பெட்டியும் வரவில்லை.

வெள்ளைத்துறையில் கல்யாணத்தன்று கோயில் படியில் வைத்து, மாப்பிள்ளை கையில் மாமனார் ஒரு வெளிநாட்டு வாட்ச் கட்டிவிட வேண்டும். அதைக் கட்டினால்தான் மாப்பிள்ளை உள்ளே போவார். ஊர் முதலில் அவர் மணிக்கட்டைப் பார்க்கும், அதற்கப்புறம்தான் பெண்ணைப் பார்க்கும். கஸ்பாருக்கு இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அவருடைய மாமனார், கப்பலில் சமையல்காரராக இருந்த சந்தியாகு, ஒரு சுவிஸ் வாட்ச் கட்டிவிட்டார். வெள்ளை முகம், மெல்லிய முள், கறுப்புத் தோல் வார். வாரைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருக்கவில்லை, அளவெடுத்ததுபோல் பொருந்தியிருந்தது. கூட்டத்தில் இருந்தவர்கள் சந்தியாகுவின் கண்ணளவைப் புகழ்ந்தார்கள். பெட்டி எங்கே என்று புது மாப்பிள்ளை கேட்டதற்கு, "அப்பா கடல்ல எறிஞ்சிட்டாவ, எல்லாரையும்போல" என்று புதுப்பெண் எஸ்கலின் சொன்னாள். அன்றைக்கு அவர் காதில் எதையும் வைத்துக் கேட்கவில்லை.

இப்போது கேட்கத் தோன்றியது. எல்லாருடைய பெட்டியும் கடலிலிருந்து எழுந்து வருகிறது. மாமனார் எறிந்தது மட்டும் ஏன் வரவில்லை? எறியவே இல்லையா? அப்படியானால் அது யார் வீட்டில் இருக்கிறது, சீட்டில் யார் பெயர் இருக்கிறது? டீக்கடை இஞ்ஞாசி இதையெல்லாம் அவருக்காகவே யோசித்து வைத்திருந்தார். கஸ்பார் வெளியே நிற்பது தெரியாததுபோல், உள்ளே இருந்தவர்களிடம், "எஸ்கலினுக்கு மொதல்ல ஒரு கப்பல் இஞ்சினியர் சம்பந்தம் வந்துல்லா தட்டிப் போச்சு, அவன் குடுத்த வாட்சா இருக்கும்டே" என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறம் வெளியே எட்டிப் பார்த்து, "அண்ணாச்சிக்கு ஒரு ஸ்ட்ராங் டீ" என்றார். கஸ்பார் அந்த டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் காசைக் கொடுத்தார்.

எஸ்கலின் முன்அறையில் தையல் மிஷின் போட்டுத் தெருப் பெண்களுக்கெல்லாம் ஜாக்கெட் தைப்பவர். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே தைக்கிறவர். மிஷின் பலகையில் வலது கைப்பக்கம் அத்தனை வருஷமாக ஒரு பூப்போட்ட துணி உறை தைத்துப் போட்ட ஊசிப்பெட்டி இருக்கும். அதில் ஊசி, கொக்கி, பட்டன், சாக்குக்கட்டி. ஏழாவது செவ்வாயும் படி காலியாக இருந்த அன்று கஸ்பார் வாட்சைக் கழற்றி, முதுகு நம்பரை இன்னொரு தடவை பார்க்க, அதை மறைத்திருந்த வாரைப் பிரிக்கப் போனார்.

"ஒரு ஊசி குடு" என்றார்.

எஸ்கலின் பெட்டியைத் திறந்து ஊசியை எடுத்துக் கொடுத்தார். "தெனமும் எத்தன தடவ நம்பர் பாப்பிய? மாறவா போகுது?"

"எல்லாருக்கும் வந்துட்டு. நமக்கு மட்டும் வரல."

"வராட்டி என்ன. வாட்ச் ஓடுதுல்லா?"

கஸ்பார் வாரைத் திரும்ப மாட்டினார். பிறகு, இருபத்தாறு வருஷத்தில் செய்யாத ஒன்றைச் செய்தார். வாட்சைக் காதோரம் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, கடைக்கு வருகிறவர்களிடம் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"எப்படி வந்துதுன்னு சொல்லு."

மிஷின் நின்றது. எஸ்கலின் சக்கரத்தின் மேல் கையை வைத்தபடி அவர் பக்கம் திரும்பினார்.

"என்னை யாருன்னு நெனச்சிய? உங்க கடையில வாட்ச் விக்க வந்து நிக்கவளா?"

"சும்மா சொல்லு."

"எங்கப்பா கொண்டாந்தாவ. பெட்டியக் கடல்ல எறிஞ்சிட்டாவ."

ஒரு அடி தவறியது. கஸ்பார் காதுக்கு அது கதவை அடித்துச் சாத்தினதுபோல் கேட்டது. அவர் கண்ணைத் திறந்து, வாட்சைக் கையில் கட்டிக்கொண்டு கடைக்குப் போனார். அவருக்கு அழ வேண்டும்போல் இருந்தது, ஆனால் தெருவில் ஆட்கள் இருந்தார்கள்.

அதன் பிறகு அந்த வீட்டில் சோறு சரியாக வெந்தது, குழம்பில் உப்பு சரியாக இருந்தது, பேச்சு மட்டும் இல்லை. கஸ்பார் தன் கையைப் பார்க்கும்போதெல்லாம் அது வேறு எவனோ ஒருவனின் கைபோல் இருந்தது. குளிக்கும்போது கழற்றினால் தோலில் இருக்கும் வெள்ளைப் பட்டை கூட அந்த இஞ்சினியர் போட்ட முத்திரை என்று தோன்றியது. கடைசியில் ஒரு சனிக்கிழமை, பாளையங்கோட்டையிலிருந்து பழைய வாட்ச் வாங்க வழக்கமாக வருகிற பல் டாக்டர் வைகுண்டம் கடைக்கு வந்து, அவர் கையைப் பார்த்து, "இதைக் குடுக்கிறதா இருந்தா சொல்லுங்க கஸ்பார்" என்று எப்போதும்போல் விளையாட்டாகச் சொன்னபோது, கஸ்பார் வாரை அவிழ்த்து மேஜைமேல் வைத்துவிட்டார்.

டாக்டர் சிரிப்பை நிறுத்தினார். "பெட்டி, பேப்பர்?"

"இல்ல."

"உங்க ஊர்லதான் இப்ப தானா வருதாமே?"

"இதுக்கு வராது, டாக்டர்."

"பாப்போம்" என்று சொல்லி, டாக்டர் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார். பேரம் பேசாதது ஏன் என்று கஸ்பார் இரண்டு நாள் சந்தேகப்பட்டார். வெறும் கையைப் பார்த்த எஸ்கலினிடம், ஓடவில்லை, கடையில் பிரித்துப் போட்டிருக்கிறேன் என்று சொன்னார். எஸ்கலின் அவர் மூச்சைக் கேட்கவில்லை, அப்படியே நம்பினார்.

செவ்வாய்க்கிழமை காலை கஸ்பார் படியைப் பார்க்கப் போகவில்லை, இனிமேல் எதற்கு. முன்அறையிலிருந்து எஸ்கலின் அவரைக் கூப்பிட்டார். "இங்க வாங்க" என்ற அந்தக் குரலில் சத்தம் இல்லை. மிஷின் பலகையில் ஊசிகளும் கொக்கிகளும் பட்டன்களும் சாக்குக்கட்டியும் ஒரு சின்னக் குவியலாகக் கிடந்தன. குவியலுக்குப் பக்கத்தில் பூப்போட்ட துணி உறை, ஒரு தையல் கூடப் பிரியாமல், பெட்டியின் வடிவத்திலேயே, பாம்பு உரித்துப்போட்ட சட்டை மாதிரி நின்றது. உள்ளே பெட்டி இல்லை.

எஸ்கலின்தான் முதலில் புரிந்துகொண்டார்.

"வாட்ச வித்துட்டியளா?"

கஸ்பார் உறைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். உள்பக்கத் துணியில் ஒரு வாட்ச் கம்பெனி முத்திரையின் தடம், இருபத்தாறு வருஷம் அழுந்தியிருந்த தடம், திருப்பிப் பதிந்திருந்தது. ஊரில் உள்ள பெட்டிகளையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு தடவி வருஷம் சொல்லக்கூடியவர், தன் வீட்டுப் பெட்டியிலிருந்து ஆயிரம் தடவை ஊசி எடுத்திருக்கிறார்.

"இது இங்கயா இருந்துது?"

"இங்கதான். அதான் அது வரல. வீட்டுக்குள்ள இருக்கது வாசலுக்கு எப்படி வரும்? வாட்ச் போச்சு, அதும் பின்னாலயே போயிட்டு."

"அப்ப கடல்ல எறிஞ்சதுன்னு சொன்னது?"

"பொய்தான்."

"யாரு வாங்கின வாட்ச் அது?"

"பேப்பர்ல எழுதியிருக்கும்."

"நீ சொல்லு."

"நான் சொன்னா எதக் காதுல வச்சுக் கேப்பிய? வாட்ச்தான் இல்லியே." எஸ்கலின் ஊசிகளை ஒவ்வொன்றாக ஒரு கிழிசல் துணியில் குத்திவைக்கத் தொடங்கினார். "ஒண்ணு சொல்லுதேன், கேளுங்க. பாளையங்கோட்டைக்குப் போவாதிய. போவாம இந்த ஸ்டூல்ல உக்காருங்க, நானே சொல்லுதேன், முதல்லருந்து சொல்லுதேன். அதத் தாண்டிப் போனியன்னா, பேப்பரோடயே இருந்துக்கிடுங்க."

கஸ்பார் ஸ்டூலைப் பார்த்தார். உட்கார்ந்துவிட வேண்டும் என்று அவருக்கு இருந்தது, சத்தியமாக இருந்தது. ஆனால் சொல்வது நிஜமா என்று எப்படித் தெரியும் என்ற கேள்வி அவருக்கு முன்னால் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான், சும்மா ஒரு நடை, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பாளையங்கோட்டை பஸ் கிளம்பத் தயாராக நின்றது.

டாக்டர் அவரைப் பார்த்ததும் வாய்நிறையச் சிரித்தார். பெட்டி காலையில்தான் வந்ததாம், கிளினிக் வாசலில், ஒரு சொட்டு ஈரம் இல்லாமல். மரூன் நிறப் பெட்டி. மூடியின் ஓரத்தில் ஒரு குண்டூசி மட்டும் சிக்கியிருந்தது. சீட்டில் மதுரைக் கடை ஒன்றின் முத்திரை, கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முந்தின தேதி, வாங்கினவர் பெயர் என்ற இடத்தில் நீல மையில் 'செல்வி ச. எஸ்கலின், தையல்காரர், வெள்ளைத்துறை' என்று எழுதியிருந்தது.

"பின்னால பென்சில்ல ஏதோ அளவு இருக்கு" என்றார் டாக்டர். "என்னன்னு தெரியல."

கஸ்பாருக்குத் தெரிந்தது. ஜாக்கெட் அளவு எழுதுகிற அதே கையெழுத்தில், 'மணிக்கட்டு ஆறே முக்கால்'. கல்யாணச் சட்டை தைக்க என்று பெண் வீட்டிலிருந்து அவருடைய பழைய முழுக்கைச் சட்டை ஒன்றைக் கேட்டு வாங்கிப் போனது ஞாபகம் வந்தது. அந்த வருஷம் சந்தியாகுவின் கப்பல் கம்பெனி மூடிப்போய், அவர் கையில் ஒன்றும் இல்லாமல் ரயிலில் வந்து இறங்கியதாகக் கேள்விப்பட்டதும், கோயில் படியில் வாட்சைக் கட்டிவிட்டபோது கிழவரின் விரல்கள் கொக்கியைப் போட முடியாமல் தடுமாறியதும், அவர் கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்ததும் ஞாபகம் வந்தன. பெண்ணின் தையல் கூலியில் வாங்கிய வாட்சைத் தன் சம்பாத்தியம் என்று ஊர் முன்னால் கட்டிவிட்ட தகப்பனுக்காக, அவர் செத்த பிறகும் அந்தப் பெண் ஒரு பொய்யைக் காப்பாற்றியிருக்கிறாள். ஒரே ஒரு பொய். அதைத்தான் தன் காது பிடித்தது என்று கஸ்பாருக்கு அப்போது விளங்கியது.

"டாக்டர், வாட்சத் திருப்பிக் குடுத்துருங்க. என்ன கேட்டாலும் தாரேன்."

"பெட்டியும் பேப்பரும் ஒண்ணு சேர்ந்த வாட்ச யாராவது குடுப்பாங்களா, கஸ்பார்? நீங்களே எனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க." டாக்டர் கெட்டவர் இல்லை, அவர் சொன்னது நியாயமாகவே இருந்தது.

அவர் திரும்பி வந்தபோது வீடு பூட்டியிருந்தது. சாவி பக்கத்து வீட்டில் இருந்தது. எஸ்கலின் மணப்பாட்டில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டதாகவும், மாற்றுச் சேலை இரண்டைத் தவிர எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்றும் சொன்னார்கள். எடுத்துக்கொள்ளத் தேவை இருக்கவில்லை. அடுத்த செவ்வாய் ஊசி குத்தின கிழிசல் துணி போயிற்று. அதற்கடுத்த செவ்வாய் அளவு டேப்பும் கத்தரிக்கோலும் போயின. மூன்றாம் செவ்வாய், நாலு ஆள் தூக்க வேண்டிய தையல் மிஷின், கதவு நிலையில் ஒரு கீறல் கூட இல்லாமல் போய்விட்டது. பிறகு அம்மி, பிறகு எஸ்கலினுடைய ஜெபமாலை, பிறகு தலையணை. மணப்பாட்டிலிருந்து வந்தவர்கள், எஸ்கலின் தங்கச்சி வீட்டு வாசலில் ஒவ்வொரு செவ்வாயும் சாமான் வந்து நிற்பதாகவும், அவர் ஒவ்வொன்றையும் முறைப்படி மூன்று தடவை கேட்டுவிட்டு உள்ளே எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார்கள். வெள்ளைத்துறை இதையும் வாங்கிக்கொண்டது. எங்கே சேர வேண்டுமோ அங்கே சேருகிறது, இதில் கஸ்பார் அழுவதற்கு என்ன இருக்கிறது என்று இஞ்ஞாசி டீ ஆற்றினார்.

கஸ்பார் மூன்று தடவை மணப்பாட்டுக்கு பஸ் ஏறினார். மூன்று தடவையும் தெருமுனை வரைக்கும் போய், தூரத்தில் மிஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பினார். கையில் ஒன்றுமில்லாமல் போய் என்ன சொல்ல? மன்னித்துவிடு என்றால், அதையும் அவள் சந்தேகப்பட மாட்டாள் என்பது என்ன நிச்சயம்? வீட்டில் அவளுடையது என்று மிஞ்சியது கல்யாணப் போட்டோ ஒன்றுதான். ஒவ்வொரு செவ்வாயும் கண் விழித்ததும் அது சுவரில் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. அது தன்னுடையதும் என்பதால் இருக்கிறதா, அல்லது அவளுக்கு வேண்டாம் என்பதால் இருக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை.

போட்டோவை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை சாயங்காலம்தான், அவளுடையது என்று மிஞ்சியிருப்பதில் தானும் ஒன்று என்று அவருக்குத் தோன்றியது. குளித்தார். துவைத்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். செருப்பைக்கூடக் கழற்றாமல், கதவைத் திறந்து வைத்து, தலைமாட்டில் ஒன்றும் இல்லாமல், வாசலுக்கு நேராகப் படுத்துக்கொண்டார். ஒன்றும் நடக்காது என்றே நினைத்தார். அவர் சுபாவம் அது.

காலையில் அவர் மணப்பாட்டில், எஸ்கலினுடைய தங்கச்சி வீட்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். எப்படி வந்தார் என்று யாரும் பார்க்கவில்லை, அவருக்கும் தெரியவில்லை. சட்டை ஓரமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. காலர் மேல் ஒரு சிப்பி. செருப்பிலிருந்து கடல் தண்ணீர் படியில் கசிந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்த தங்கச்சி, அவரைப் பார்த்து வணக்கம் சொல்லாமல், "யக்கா, இந்தச் செவ்வா பெருசா ஒண்ணு வந்திருக்கு" என்று உள்ளே குரல் கொடுத்தாள். தெருப் பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு வந்து கூடிவிட்டார்கள்.

எஸ்கலின் வந்தார். விரலில் ஊசி குத்தாமல் இருக்கப் போடுகிற தையல் தொப்பி மாட்டியிருந்தது, பாதி வேலையில் எழுந்து வந்திருந்தார். நிலைக்கதவில் கையை ஊன்றிக்கொண்டு, கஸ்பார் ஒரு வாட்சைப் பார்ப்பதுபோல் அவரை மேலிருந்து கீழே பார்த்தார்.

"யாருக்கு வந்திய?"

கஸ்பார் வாயைத் திறந்தார். மூடினார். பெட்டிகள் பேசுவதில்லை.

"யாருக்கு வந்திய?"

"கையில வாட்ச் இல்லாம எப்படிக்கா தெரியும்?" என்றாள் குடத்துக்காரி ஒருத்தி. "உள்ள பேப்பர் இருக்கான்னு பாரு."

எஸ்கலின் குனிந்து, தையல் தொப்பி போட்ட விரலால் கஸ்பாருடைய நெஞ்சில் இரண்டு தடவை தட்டினார். சட்டைப்பையைத் தொடவில்லை. காதைக் கொண்டுபோய் வைத்துப் பார்க்கவும் இல்லை. அவர் மணிக்கட்டில் இன்னும் வெயில் படாமல் வெளுத்திருந்த ஆறே முக்கால் அங்குலப் பட்டையை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தார். மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை.

"நான் பேப்பர் கேக்கப் போறதில்ல" என்றார். "காலக் கழுவிட்டு வாங்க."